அம்பு காணாமல் போன நாட்கள்

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனிக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். திரையில் தெரியும் பொத்தான், பெட்டி, பட்டியல், படம் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கும் நிரல் தொகுப்பு ஒன்றை நாங்கள் எழுதுகிறோம். அதில் கர்சர் பகுதி என் பொறுப்பு. மவுஸின் அம்பு எப்போது அம்பாக நிற்க வேண்டும், எப்போது கையாக மாற வேண்டும், எழுத்தின் மேல் போனால் எப்போது மெல்லிய கோடாக வேண்டும், எப்போது ஒன்றுமே தெரியாமல் மறைந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுக்கிறார்கள். நாகர்கோவில் பக்கம் பூதப்பாண்டி தாண்டி, கீரிப்பாறை போகிற ரோட்டில் எங்கள் வீடு. மாடியில் மேற்கு ஜன்னலை ஒட்டி என் மேஜை.

மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு இது ஓயாத வேடிக்கை. "ஆடு மேய்க்கியவன்கூட பத்து ஆடு வச்சிருப்பான். உனக்கு ஒரே ஒரு அம்பு" என்பார் போனில். நானும் சிரிப்பேன். அந்த ஒரே ஒரு அம்பு ஆனி மாதத்து மதியம் ஒன்றில் காணாமல் போனது.

அன்று காலையிலிருந்தே சாரல். ஜன்னலில் மலை தெரியவில்லை. நான் ஒரு படப் பலகையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிக் காட்டுகிற பலகை அது. படத்தின் நடுவில் அம்பு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதால், பலகை திறந்திருக்கும்வரை, மேல் மூலையில் மூடுகிற குறிக்குப் போனால் தவிர, அம்பை மறைத்து வைத்திருப்போம். மூடியவுடன் அம்பு திரும்ப வந்துவிட வேண்டும். எனக்கு மவுஸைத் தொடவே பிடிக்காது. எல்லாவற்றையும் கீபோர்டிலேயே முடித்துக்கொள்வேன். எஸ்கேப்பைத் தட்டிப் பலகையை மூடினேன். வெள்ளைத் திரை வந்தது. அதில் அம்பைக் காணோம்.

கை தானாக மவுஸுக்குப் போய் லேசாக அசைத்தது. உடனே திரையின் நடுவில், நான் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில், அம்பு கறுப்பாக நின்றது. எங்கேயோ இருந்து ஓடி வந்ததாகத் தெரியவில்லை. அங்கேயே இருந்ததுபோல் இருந்தது.

அம்பைத் தொலைத்த எவரும் மவுஸைத்தான் அசைப்பார்கள். கண் தேடுவதற்கு முன் கை தேடிவிடும். நானும் அப்படி அசைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுபடி பலகையைத் திறந்தேன், எஸ்கேப்பைத் தட்டினேன். மறுபடி இல்லை. அசைத்தேன், இருந்தது. அப்போதும் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். மூன்றாவது முறை அசைத்தபோது, என் கண்ணுக்கு நேர் எதிரே அம்பு முளைத்தபோது, கீழே அப்பா தடியைத் தட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போகிற சத்தம் கேட்டது. மவுஸில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கண் தெரியாது. இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். கிளாக்கோமா என்கிறார்கள். வலிக்காது, சிவக்காது. ஓரத்தில் இருந்து தின்று கொண்டே வரும். தின்ற இடம் கறுப்பாகத் தெரிந்தாலாவது ஆள் உஷாராகிவிடலாம். அப்படியும் தெரியாதாம். பக்கத்தில் இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிக் காட்டிவிடுமாம். சுவர் இருந்தால் சுவர், வயல் இருந்தால் வயல். வெள்ளைத் திரை இருந்தால் வெள்ளைத் திரை.

அப்பா பஸ் டிரைவர். கீரிப்பாறைக்குப் போகிற மலைப் பாதையில் பல வருஷம் ஓட்டியவர். நான் கல்லூரியில் படித்த காலத்தில், ஒரு சாயங்காலம் எஸ்டேட்டில் இருந்து பஸ்ஸை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ரோட்டின் இடது ஓரத்தில் ரப்பர்பால் வாளியோடு ஒரு பெண் கை காட்டியபடி நின்றிருக்கிறாள். அப்பாவுக்கு அந்தப் பெண் தெரியவே இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரம் வாளியைத் தட்டியது. அவள் பின்னால் சாய்ந்து தப்பினாள். வாளிப் பால் முழுவதும் ரோட்டில் ஓடியது. அப்பா இறங்கி அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். டெப்போவுக்குக் கொண்டுவந்து பஸ்ஸை விட்டவர்தான், அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதற்கு முன் கொஞ்ச காலமாகவே அப்பா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் திருப்பித் திருப்பி ஓட்டுவார். வயசாக ஆக நிதானம் வந்துவிட்டது என்று பஸ்ஸில் வருகிறவர்கள் மெச்சுவார்களாம். தலையைத் திருப்பும்போது எல்லாம் தெரியும். திருப்பாமல் இருக்கும்போதுதான் ஒரு ஆளே இல்லாமல் போகும்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம், நாற்பது தாண்டினால் ஒரு தடவை வந்து பார்த்துவிடு என்று அப்பாவின் டாக்டரம்மா எப்போதோ சொல்லியிருந்தார். நாற்பது தாண்டி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பார்க்கலாம், பார்க்கலாம் என்று விட்டிருந்தேன்.

அன்று நான் செய்திருக்க வேண்டியது எளிது. யாரையாவது மாடிக்குக் கூப்பிட்டு, மவுஸைத் தொடாதே, திரையில் அம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா கேட்ட குரலுக்கு வந்து நிற்பாள். நான் கூப்பிடவில்லை. அவள் எட்டிப் பார்த்து, "இந்தா நிக்குல்லா நடுவுல, உனக்குத் தெரியல்லியா?" என்று கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

அதனால் மனிதரை விட்டுவிட்டு இயந்திரத்திடம் கேட்டேன். எங்கள் நிரல், தான் கடைசியாகக் கர்சருக்கு என்ன வடிவம் கொடுத்தது என்பதைத் தனக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். அதை எட்டிப் பார்க்க ஒரு வரி எழுதினேன். பலகையைத் திறந்தேன்: மறைவு என்று வந்தது. எஸ்கேப்பைத் தட்டினேன்: அம்பு என்று வந்தது. திரையைப் பார்த்தேன். வெறும் வெள்ளை. இயந்திரம் அம்பு இருக்கிறது என்கிறது, எனக்குத் தெரியவில்லை. கணினியை மூடாமலே கீழே இறங்கிப் போய், காரணமில்லாமல் அரிசி களைந்தேன்.

திரையைப் படம் பிடித்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் உதவாது. ஸ்கிரீன்ஷாட்டில் கர்சர் விழாது. போனில் போட்டோ எடுத்தால் விழும். எடுத்தேன். எடுத்த போட்டோவைத் திறந்து பார்க்காமல் அழித்தேன். படித்த பெண் செய்கிற காரியமா இது என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் தெரிந்ததுதான், பிறகு தெரியாமல் ஆக்க முடியாது.

எங்கள் குழுவில் என்னோடு கர்சர் பகுதியைப் பார்ப்பவன் தேங்காப்பட்டணத்துக்காரன். என்னைவிட இளையவன். அவனும் தன் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறான். அவனிடம் மட்டும், கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், படப் பலகையை மூடினால் அம்பு வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். மறுநாள் போன் செய்தான்.

"அக்கா, நான் நல்லாட்டு ஓட்டிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. மூடின உடனே அம்பு வந்து நிக்குது."

"மவுஸைத் தொட்டியா?"

"தொடாம எப்பிடிக்கா மூடுகது? மேல இருக்க பெருக்கல் குறிய அமுக்கித்தான மூடணும்."

"எஸ்கேப் தட்டி மூடிப் பாரேன்."

கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. "தட்டினேன்க்கா. இந்தா, இருக்கு. லேசா அசச்சேன், உடனே தெரியுது."

அசைத்தால் எனக்கும்தான் தெரியும் என்பது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அசைக்காமல் பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். அசைக்காமலும் தெரிகிறது என்று அவன் சொல்லிவிடுவானோ என்ற பயத்தில் அதைக் கேட்காமல் விட்டேன். சரி, பிறகு பார்ப்போம் என்று போனை வைத்தேன். எங்கள் குழுவில் வேறு யாரும் இப்படி ஒரு புகார் சொன்னதும் இல்லை. எனக்கு மட்டும்தான் என்ற எண்ணம் அதோடு உறுதியாகிவிட்டது.

அதற்குப் பிறகு என் நாட்கள் நாட்களாக இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பேன். பிறகு அடுத்த கண். எழுத்து எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரிவதால் நிம்மதி வருமென்றால் அதுவும் வராது, ஏனென்றால் அப்பாவுக்கும் எழுத்து கடைசிவரை தெரிந்தது. கால்வாய்க் கரையில் நடக்கும்போது எதிரே ஒரு சைக்கிள் வந்தால், அது எந்த நொடியில் என் பார்வைக்குள் வந்தது என்று யோசிப்பேன். முன்னமே வந்திருக்க வேண்டுமோ? மார்க்கெட்டில் யாராவது பக்கத்தில் வந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஸ்கூட்டியைத் தொடவே இல்லை. டயர் சரியில்லை என்று சொல்லி மூடிப் போட்டேன்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "டயருக்குக் காத்து போச்சின்னா காத்தடிக்கணும். போர்வயப் போட்டு மூடினா செரியாவுமா? அதுக்கென்ன காச்சலா?" என்றார்.

கண் போனவர்களுக்குக் காது கூர்மை என்பார்கள். அப்பாவுக்குக் காது மட்டுமில்லை, எல்லாமே கூர்மையாகத்தான் இருந்தது. மாடிப்படியில் நான் கைப்பிடியைப் பிடித்து இறங்குவது அவருக்குக் கேட்டிருக்கிறது. முன்பெல்லாம் நான் தடதடவென்று இறங்குவேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நீ எதுக்கு மக்கா படியில கெழவி மாதிரி எறங்குக?" என்று கேட்டார். முட்டு வலி என்றேன்.

அந்த நாட்களில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது விளக்கு வைக்கிற நேரம். அப்போதுதான் அப்பாவுக்குச் சொட்டு மருந்து விடுவேன். நாற்காலியில் சாய்ந்து முகத்தை அண்ணாந்து கொடுப்பார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட வேண்டும். அவருடைய இடது கண் எங்கேயும் பார்க்காமல் கூரைப் பக்கமாக நிற்கும். முன்பு அது எனக்கு அப்பாவின் கண், அவ்வளவுதான். இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்படி மருந்து விட யார் இருப்பார்கள் என்றுதான் தோன்றியது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. குறி தவறிச் சொட்டு கன்னத்தில் விழும். "மருந்து கண்ணுக்கா, கன்னத்துக்கா?" என்று அப்பா சிரிப்பார்.

ஆடி பிறந்தது. அப்பாவை நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற நாள் வந்தது. வழக்கமாக அவருடைய கண் அழுத்தத்தை அளந்துவிட்டு, அதே மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்புவார்கள். இந்தத் தடவை சீட்டுப் போடுகிற இடத்தில் அப்பாவைத் தூரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, என் பேருக்கும் ஒரு சீட்டு வாங்கினேன். மெதுவாகத்தான் சொன்னேன். உள்ளே இருந்த பெண் மூன்று தடவை என்ன, என்ன என்று கேட்டாள்.

அப்பாவைப் பார்த்து முடித்து அனுப்பிவிட்டார்கள். மருந்து அப்படியே என்றார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்மசியில் கூட்டமாக இருக்கிறது, கொஞ்சம் பொறுப்போம் என்று பொய் சொன்னேன். என் முறைக்குக் காத்திருந்தேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது. தேங்காப்பட்டணத்துக்காரன் குரலில் பேசி அனுப்பியிருந்தான். காதில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, கேட்டியளா? நான் சோறு தின்னுட்டே ஒங்க படப் பலகையப் பாத்துட்டு இருந்தேன். வலது கையில மீன் கொழம்பு. எடது கையால எஸ்கேப் தட்டினேன். அம்பைக் காணும். மவுஸைத் தொடவும் முடியல்ல, கை பூரா கொழம்பு. அப்பிடியே பாத்துட்டு இருந்தேன். சத்தியமாட்டு இல்லக்கா. உம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன், அவியளும் இல்லேன்னாவ. கைய களுவிட்டு வந்து தொட்டேன், வந்துட்டு. நீங்க அன்னிக்கு சொன்னது செரிதான். இது நம்ம நிரல்ல உள்ள கோளாறுதான். இத்தன நாளா எல்லாரும் மவுஸ அசச்சி அசச்சி அதச் செரியாக்கிட்டுல்லா இருந்திருக்கோம்."

இரண்டாம் தடவை கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். அவன் உம்மா இல்லை என்று சொன்னதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. அங்கே எல்லோருக்குமே கண்ணில் மருந்து விட்டு நீர் வழிந்துகொண்டிருந்ததால் யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

நடந்தது என்னவென்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்குப் புரிந்துவிட்டது. அம்பை மறைத்து வை என்று சொன்னது படப் பலகை. பலகை போனதும் எங்கள் நிரல் தன் குறிப்பில் அம்பு என்று மாற்றி எழுதிக்கொள்கிறது. ஆனால் அதைத் திரைக்கு எடுத்துச் சொல்வது அடுத்த தடவை மவுஸ் அசையும்போதுதான். மவுஸ் அசையாதவரை திரைக்கு விஷயமே தெரியாது. குறிப்பில் அம்பு இருக்கும், திரையில் இருக்காது. என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. நான் பார்த்தது உள்ளதைத்தான்.

எழுந்தேன். "அப்பா, போலாம்" என்றேன். குரல் பழையபடி ஆகியிருந்தது எனக்கே கேட்டது. அப்பாவைக் கையைப் பிடித்து எழுப்பி நான்கு எட்டு வைத்திருப்பேன். உள்ளேயிருந்து நர்ஸ் வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வயதையும் ஊரையும் சேர்த்தே கூப்பிட்டாள்.

அப்பா நின்றுவிட்டார். "உனக்கும் சீட்டு போட்டியா?"

"சும்மா போட்டேம்ப்பா. இப்ப வேண்டாம். ஒண்ணுமில்ல, எல்லாம் செரியாயிட்டு. வாங்கோ போலாம்."

"என்ன செரியாயிட்டு?"

"திரையில ஒண்ணு தெரியாம இருந்துது. கண்ணுதானோன்னு பயந்துட்டேன். கண்ணு இல்ல, கம்ப்யூட்டர்தான். இப்பதான் போன் வந்துது. எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது."

நர்ஸ் வாசலில் நின்றபடி மறுபடி கூப்பிட்டாள். அப்பா என் முழங்கையில் இருந்த கையை எடுக்கவில்லை. முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

"அந்த ரப்பர்பால் கொட்டினதுக்கு முந்தின மாசமாக்கும் எனக்குக் கண்ணு டெஸ்ட் வச்சாவ" என்றார். "கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன் மக்கா. எறும்பு சைசில இருந்த எழுத்து. டாக்டர் கையத் தந்தாரு. எனக்கும் எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது."

பிறகு கையை எடுத்துக்கொண்டு, பெஞ்சைத் தடவிப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனேன். போகாமல் இருக்க வழி இருக்கவில்லை.

கண்ணைப் பற்றிப் பயம் உள்ளவர்களை, பார்வையின் ஓரங்களை அளக்கிற அந்த இயந்திரத்தின் முன் உட்கார வைக்கக் கூடாது. பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்க வேண்டும். ஒரு கண்ணைக் கட்டிவிடுவார்கள். கையில் ஒரு பொத்தான். "நடுவுல உள்ள வெளிச்சத்தையே பாக்கணும். கண்ண அசைக்கப்பிடாது. அங்க இங்க பொட்டு மாதிரி மின்னும். மின்னினா அமுக்குங்கோ. தேடப்பிடாது" என்றாள் சோதனை செய்கிற பெண். அசைக்கக் கூடாது என்றதும் எனக்கு மீன் குழம்புக் கை ஞாபகம் வந்தது.

முதலில் வலது கண். மின்னியது, அமுக்கினேன். மின்னியது, அமுக்கினேன். சில சமயம் வெகு நேரம் ஒன்றும் மின்னாது. அந்த இடைவெளியில்தான் உயிர் போகும். இப்போது ஒன்றும் மின்னவில்லையா, மின்னி எனக்குத் தெரியவில்லையா? பக்கத்தில் இயந்திரம் டக், டக் என்று ஏதோ செய்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எங்கேயோ ஒரு பொட்டு மின்னியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அமுக்கினேன். "சும்மா சும்மா அமுக்காதீங்கோ. தெரிஞ்சாதான்" என்று அதட்டினாள். இடது கண்ணுக்கு மாற்றியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் இடது கண் நன்றாகவே செய்ததாகத்தான் எனக்குப் பட்டது. வலது கண்ணைவிட நன்றாக என்றுகூட நினைத்தேன்.

டாக்டரம்மா அச்சடித்து வந்த தாளை என் பக்கம் திருப்பினார். இரண்டு வட்டங்கள், கண்ணுக்கு ஒன்று. வலது வட்டம் வெளிறி இருந்தது. இடது வட்டத்தில் மேலே ஓரத்தில், மூக்குப் பக்கமாக, மழை வருகிற மாதிரி ஒரு கறுப்பு.

"நடுவுல?" என்று கேட்டேன்.

"நடு ரெண்டிலயும் நல்லாருக்கு. நடுவுக்கு என்ன?"

"நடுவுலதான் தெரியல்லன்னு நினைச்சேன்."

"அங்க ஒண்ணுமில்ல. இங்கதான் போயிருக்கு. அழுத்தமும் கூடுதல். அப்பாவுக்கு உள்ளதே உங்களுக்கும்." விரலை அந்தக் கறுப்பின் மேல் வைத்தார். "போனது திரும்ப வராது. ஆனா ஆரம்பம்தான். மருந்த விடாம போட்டா இதோட நிறுத்திடலாம். அப்பா வரும்போது எல்லாம் தாண்டிப் போயிருந்துது."

நான் பயந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கறுப்பு இருந்த இடத்தைப் பற்றி நான் ஒரு நாள்கூட நினைத்ததில்லை. அங்கே எனக்கு எதுவும் குறைந்ததாகவே தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அந்தக் கோளாறை மறுநாளே நானும் அவனும் சேர்ந்து சரி செய்தோம். மவுஸ் அசையாமல் நின்றாலும், அதற்குக் கீழே ஒன்று மூடினாலோ திறந்தாலோ, இப்போது எந்த வடிவம் என்று நிரல் மறுபடி கேட்டுத் திரைக்குச் சொல்ல வேண்டும். சில வரிகள்தான். ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் அவன் இடது கையால் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு வலது கையைத் தூக்கிக் கேமராவில் காட்டினான். என் கண்ணைப் பற்றி அவனிடம் அப்போதும் சொல்லவில்லை.

அது மறுநாள். ஆஸ்பத்திரியில் அன்று நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அப்பா என் காலடியைக் கேட்டு எழுந்து நின்றார். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"இருக்குப்பா" என்றேன். "ஆரம்பந்தானாம். மருந்து போட்டா நின்னுருமாம்."

அப்பா தலையை ஆட்டினார். தடியை மற்ற கைக்கு மாற்றினார், மறுபடி பழைய கைக்கே மாற்றினார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவருக்குக் கண் போனபோதுகூட அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"எந்தக் கண்ணு?"

"எடது."

வெளியே சாரல் விட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அப்பா எப்போதும் என் வலது பக்கம் வருவார், என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு. வாசல் படியைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் கையை விட்டார். தடியைத் தட்டிக்கொண்டு என் முதுகுப் பக்கமாகச் சுற்றினார். ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அப்பா தடவிப் பார்த்து என் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே தெரியும். மூக்கை ஒட்டி மேலே கொஞ்சம் தெரியாததை வலது கண் பார்த்துக்கொள்ளும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. வண்டிகள் வருகிற பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிக் காது கொடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா என் இடது பக்கத்திலேயே வந்தார்.